கல்லூரி ஒர்க்ஷாப்பில் காயம் எங்கிருந்து வருகிறது

முதலாண்டு இன்ஜினியரிங் பிராக்டிசஸ் லேப் தொடங்கும் நாளில் எந்த ஒர்க்ஷாப்புக்குப் போனாலும் ஒரே அறிவுரைதான் காதில் விழும்: “கவனமா வேலை பாருங்க.” சொல்பவர் அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் ஓடும் லேத்தின் (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) முன்னால் அந்தக் கவனத்துக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்று ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்த்தால், அறிவுரையை மட்டும் நம்பி 30 பிள்ளைகளை உள்ளே விட யாருக்கும் மனம் வராது.

50 மி.மீ. விட்டமுள்ள ஜாப்பை, அதாவது கடைய வேண்டிய உலோகத்துண்டை, அதைக் கவ்விச் சுழற்றும் சக்கில் பிடித்து, நிமிடத்துக்கு 500 சுற்று வேகத்தில் ஓட்டுகிறோம். பயிற்சியில் இது சாதாரண வேகம். ஒரு சுற்றுக்கு 157 மி.மீ. துணி அந்த ஜாப்பின் மேல் சுருளும். நொடிக்கு 8 சுற்றுக்கு மேல் என்றால், நொடிக்கு 1.3 மீட்டர். ஏதோ சிக்கிவிட்டது என்று உணர்ந்து, கையை எடுத்து, ஸ்விட்சைத் தேடி அழுத்த அரை நொடியாவது ஆகும். அதற்குள் 65 செ.மீ. உள்ளே போய்விட்டது. கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு கயிறு கழுத்திலிருந்து அவ்வளவு நீளம் கூட இருக்காது. ஸ்விட்சை அணைத்த பிறகும் சக் உடனே நிற்காது. தன் எடையின் வேகத்தில் சில சுற்று சுற்றித்தான் ஓயும். 200 மி.மீ. சக்கின் விளிம்பு இதே வேகத்தில் நொடிக்கு 5 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. கண்ணால் பார்த்துக் கையை இழுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணமே தப்பு. எது உள்ளே வரக்கூடாதோ அதை வாசலிலேயே நிறுத்த வேண்டும்.

நம் கல்லூரிகளில் முதலில் நிறுத்த வேண்டியது அந்த ஐடி கார்டைத்தான். வளாகத்துக்குள் எப்போதும் கழுத்தில் இருக்க வேண்டும் என்பது நிர்வாகத்தின் விதி. ஒர்க்ஷாப்பில் அதே விதி உயிருக்கு ஆபத்து. கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளச் சொல்வது போதாது, குனிந்தால் வெளியே விழும். வாசலில் எண் போட்ட ஆணிப் பலகை ஒன்றை வைத்து, உள்ளே போகிறவர் தன் கார்டை அங்கே மாட்டிவிட்டுப் போகட்டும். இதில் இன்னொரு பயனும் உண்டு: தீ, புகை என்று ஏதாவது நடந்தால் உள்ளே எத்தனை பேர், யார் யார் என்பது பலகையைப் பார்த்ததும் தெரியும். விதிவிலக்குக்கு துறைத் தலைவரின் எழுத்து உத்தரவு வாங்கி அந்தப் பலகைக்கு மேலேயே ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால், கார்டு இல்லை என்று வெளியே ஒருவர் அபராதம் போடுவார், பிள்ளைகள் மறுபடி கழுத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

துப்பட்டாவைப் பின் குத்தி ஓவர்கோட்டுக்குள் செருகுவது பாதி வேலை. கழற்றிவைத்துவிட்டு, கழுத்து வரை பட்டன் போட்ட கோட்டு அணிவதே சரி. பின்னலும் போதாது. டூல் முனையைப் பார்க்கக் குனியும்போது பின்னல் தோளுக்கு முன்னால் சரியும். கொண்டையாக முடிந்து தொப்பிக்குள் அடக்க வேண்டும். முடி வளர்த்திருக்கும் பையன்களுக்கும் இதேதான். ஓவர்கோட்டே ஆபத்தாக மாறுவதையும் பார்க்கலாம்: எல்லா ஆண்டுக்கும் சேர்த்து இரண்டு சைஸ் பெரிதாகத் தைத்து வாங்கிய கோட்டு, பட்டன் போடாமல் ஓட்டும்போது சக்கின் பக்கமாக விரிந்து நிற்கும். 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22ஆம் பிரிவு, ஓடும் இயந்திரத்தை நெருங்கிப் பரிசோதிக்கிறவர் உடலோடு ஒட்டிய உடை அணிய வேண்டும், அந்த உடையை நிர்வாகமே தர வேண்டும் என்று எழுதிவைத்திருந்தது. கல்லூரிக்குத் தொழிற்சாலைச் சட்டம் பொருந்துமா என்று ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டியதில்லை, ஆபத்து இரண்டு இடத்திலும் ஒன்றுதான். கோட்டைச் சரியான அளவில், அரைக்கையாக அல்லது மணிக்கட்டில் எலாஸ்டிக் வைத்துக் கல்லூரியே தைத்துக் கொடுக்கலாம்.

மோதிரம், வாட்ச், வளையல் கழற்றப்பட வேண்டும். கோயில் கயிறு விஷயத்தில் பலர் தயங்குவார்கள், அதை வெட்டச் சொல்வது முறையல்ல. சட்டைக் கைக்குள் மறையும்படி மேல்கையில் கட்டிக்கொள்ளச் சொல்லலாம். மணிக்கட்டில் நாலைந்து சுற்றுக் கட்டிய நூல் கயிறு எளிதில் அறாது என்பதை மட்டும் விளக்கிச் சொல்லிவிட்டால், பெரும்பாலானவர்கள் தாமாகவே ஒத்துழைப்பார்கள்.

கையுறை பற்றி ஒரு வார்த்தை. பாதுகாப்பு என்றதும் எல்லா இடத்துக்கும் கையுறை வாங்கிக் கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. வெல்டிங்குக்குத் தோல் கையுறை கட்டாயம், ஷீட் மெட்டல் விளிம்பைத் தூக்கவும் வேண்டும். லேத், டிரில்லிங், மில்லிங் என்று சுழலும் எதன் பக்கத்திலும் கூடாது. வெறும் விரல் பட்டால் தோல் கிழியும். கையுறை பட்டால் விரலோடு சேர்த்து இழுத்துக்கொள்ளும். துடைக்கும் பனியன் வேஸ்ட்டும் (துணிக் கழிவு) அப்படித்தான். ஓடும் ஜாப்பை அதால் துடைப்பது பட்டறைகளில் பழகிப்போன காரியம், அந்த நூல் பிரிந்து சுற்றிக்கொள்ளும்போது விரல் அதற்குள் இருக்கும்.

லேத்தில் அடுத்தபடியாக நான் கவலைப்படுவது சக்கை இறுக்கும் சாவியான சக் கீ பற்றி. ஜாப்பை இறுக்கிவிட்டுக் கீயைச் சக்கிலேயே விட்டு ஸ்டார்ட் செய்தால், அது லேத்தின் அடிப்பகுதியான பெட்டில் மோதித் தெறிக்கும். எதிரே நிற்பவரின் முகம், நெஞ்சு எங்கே வேண்டுமானாலும் படலாம். “கீயை மறக்காதே” என்று சுவரில் எழுதுவதைவிட, ஸ்பிரிங் வைத்த கீ வாங்குவது மேல். கையை எடுத்ததும் அது தானாகவே சக்கிலிருந்து வெளியே தள்ளப்படும். இருக்கும் கீயில் ஸ்பிரிங்கும் காலரும் சேர்த்து ஒர்க்ஷாப்பிலேயே செய்துகொள்ளலாம், மாணவர்களுக்கு நல்ல பயிற்சியாகவும் இருக்கும். அதுவரை ஒரே பழக்கம்: கீ தன் இடத்தில் உட்காரும்வரை கை அதை விடக்கூடாது.

மைல்ட் ஸ்டீலைக் கடையும்போது நீளமாக நாடா போல வரும் சிப்ஸை (உலோகச் சீவல்) விரலால் இழுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நீல நிறத்தில் வருகிறது என்றால் ஏறக்குறைய 300 டிகிரி சூடு, விளிம்போ பிளேடு. இயந்திரத்தை நிறுத்தி, கைப்பிடியுள்ள கொக்கிக் கம்பியால் எடுக்க வேண்டும். நாடா வராமலே தடுப்பது இன்னும் நல்லது: ஃபீடை (ஒரு சுற்றுக்கு டூல் நகரும் அளவு) கொஞ்சம் கூட்டினால், டூலில் சீவலை உடைக்கும் சிப் பிரேக்கர் அரைத்தால், துண்டு துண்டாக உடைந்து விழும். எமரித் தாளை விரலில் சுற்றி ஜாப்பில் பிடிப்பதும் இதே வகைத் தவறு, அரத்தின் மேலோ மரத்துண்டின் மேலோ வைத்துத்தான் பிடிக்க வேண்டும். லேத்தில் அரம் போடும்போது கைப்பிடி இடது கையில் இருக்கட்டும். வலது கையில் பிடித்தால் இடது முழங்கை சக்குக்கு மேலே போகும். கைப்பிடி இல்லாத அரத்தை ஒர்க்ஷாப்பை விட்டே எடுத்துவிடுங்கள். சக் தட்டிவிட்டால் அரத்தின் கூர்வால் உள்ளங்கைக்குள் இறங்கும்.

வேகத்தை ஊகித்துப் போடுவதும் காயத்தில் முடியும். எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூலுக்கு மைல்ட் ஸ்டீலில் வெட்டும் வேகம் நிமிடத்துக்கு 30 மீட்டர் என்று எடுத்தால், 25 மி.மீ. கம்பிக்கு 382 சுற்று வரும். கியர் பெட்டியில் அதற்குக் கீழுள்ள வேகத்தைப் போடுவது வழக்கம். சக்கிலிருந்து வெளியே நீட்டியிருக்கும் பகுதி விட்டத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் போனால் மறுமுனையைத் தாங்க டெயில் ஸ்டாக் சென்டர் கொடுக்க வேண்டும். சக்கைச் சுழற்றும் ஹெட் ஸ்டாக்கின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை யாரும் பார்ப்பதில்லை. வேகம் கூடினால் அது வளைந்து, அந்த வழியாகப் போகிறவரை வீசி அடிக்கும்.

ஒரு பேட்ச்சுக்கு 30 பேர், லேத் இரண்டோ மூன்றோ என்பதுதான் பல இடங்களில் நிலைமை. ஒருவர் கேரியேஜை (டூலைத் தாங்கி நகரும் பகுதி) நகர்த்த, இன்னொருவர் லீவரைத் தட்டிவிடுவது இந்தக் கூட்டத்தில்தான் நடக்கிறது. தரையில் மஞ்சள் கோடு போட்டு, கோட்டுக்குள் ஒருவர் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்ப்பவர்கள் கோட்டுக்கு வெளியே, அவர்களுக்கும் பாதுகாப்புக் கண்ணாடி.

அடுத்தது கரண்ட். நம் ஊரில் இது தனியாகப் பேச வேண்டிய விஷயம். லேத் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகிறது. மாணவர் அப்படியே சக்கில் கை வைத்து ஜாப்பைத் திருப்பிப் பார்க்கிறார். கரண்ட் வருகிறது, அல்லது ஜெனரேட்டர் பிடித்துக்கொள்கிறது. டிஓஎல் ஸ்டார்ட்டர் (பொத்தான் வைத்த மோட்டார் ஸ்டார்ட்டர்) இருந்தால், கரண்ட் போனதும் இணைப்பை விடும் நோ-வோல்ட் காயில் ஏற்கெனவே விடுபட்டிருக்கும். மறுபடி பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் மோட்டார் ஓடும். பழுதான ஸ்டார்ட்டரைத் தூக்கிவிட்டு வெறும் ரோட்டரி ஸ்விட்ச் அல்லது ஃபார்வேர்ட்-ரிவர்ஸ் ஸ்விட்ச் மாத்திரம் போட்டிருந்தால், மோட்டார் தானாகவே ஓட ஆரம்பித்துவிடும். இதைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். ஜாப் இல்லாமல் இயந்திரத்தை ஓட்டுங்கள், மெயினை அணையுங்கள், நின்ற பிறகு யாரும் பக்கத்தில் இல்லாதபடி மெயினைப் போடுங்கள். தானாக ஓடினால் அந்த இயந்திரத்தை அன்றே பூட்டிவைக்க வேண்டும். டிரில்லிங் மெஷின், பெடஸ்டல் கிரைண்டர், பவர் ஹாக்சா எல்லாவற்றையும் இப்படிச் சோதியுங்கள். எமர்ஜென்சி பொத்தானையும் வாரம் ஒரு முறை ஓடும்போதே அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தினால் உள்ளேயே நிற்க வேண்டும், திருகி விடுவித்தாலும் மோட்டார் தானாகக் கிளம்பக்கூடாது. கையில் பிடித்து வேலை செய்யும் மின்கருவிகளுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) வழியாகவே இணைப்பு தர வேண்டும்.

டிரில்லிங் மெஷினைப் பிள்ளைகள் விளையாட்டாக நினைப்பார்கள், சின்னது என்பதால். ஜாப்பைக் கையால் பிடித்துத் துளையிடும்போது, பிட் மறுபக்கம் வெளிவரும் நொடியில்தான் கடித்துக்கொள்ளும். அப்போது தகடு காற்றாடியாகச் சுற்றி விரலை வெட்டும். பித்தளையில் இது இன்னும் மோசம். வைஸில் பிடித்து, வைஸை டேபிளில் போல்ட் போட்டு இறுக்குங்கள். மெல்லிய தகடாக இருந்தால் இரண்டு பலகைக்கு நடுவே வைத்து இறுக்கித் துளையிடுங்கள். தப்பித்தவறிச் சுற்ற ஆரம்பித்துவிட்டால் பிடிக்கப் போகாமல் பின்னால் விலகி ஸ்விட்சை அணைக்க வேண்டும். இதை முதல் வகுப்பிலேயே வாய்விட்டுச் சொல்ல வைக்கலாம்.

பெடஸ்டல் கிரைண்டரில் இரண்டு இடைவெளிகளை அளந்தாலே அதன் நிலைமை தெரிந்துவிடும். டூல் ரெஸ்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே 3 மி.மீ.க்கு மேல் இருக்கக்கூடாது. மேலே, சக்கரத்தை மூடும் காப்புக் கவசத்தின் நுனித் தகட்டுக்கும் சக்கரத்துக்கும் 6 மி.மீ.க்கு மேல் கூடாது. சக்கரம் தேயத் தேய இடைவெளி கூடும், யாரும் திருப்பி நகர்த்த மாட்டார்கள். அந்த இடைவெளியில் டூல் பிட் வழுக்கி உள்ளே இறங்கினால் சக்கரம் வெடிக்கும். 200 மி.மீ. சக்கரம் 2,880 சுற்றில் நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதே மோட்டாரில் 250 மி.மீ. சக்கரத்தை மாட்டினால் 37 மீட்டரைத் தாண்டும். சக்கரத்தின் மேல் அச்சிட்டிருக்கும் உச்ச வேகத்தைப் பார்க்காமல் மாட்டக்கூடாது என்பதற்கு இதுதான் காரணம். மாட்டுவதற்கு முன் சக்கரத்தை விரலில் தொங்கவிட்டு, ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் விளிம்புக்குச் சற்று உள்ளே தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. மழுங்கிய சத்தம் வந்தால் உள்ளே விரிசல். இருபுறமும் உள்ள காகித வட்டங்களைக் கிழித்தெறியாதீர்கள். ஃபிளேஞ்சின் அழுத்தம் சமமாகப் பரவ அவைதான் உதவுகின்றன. மாட்டியதும் பக்கவாட்டில் நின்று ஒரு நிமிடம் வெறுமனே ஓட விட வேண்டும். அலுமினியத்தை இதில் பிடிக்கக்கூடாது. உலோகம் சக்கரத்தின் துளைகளை அடைத்து, சூடேற்றி, உடைக்கும்.

வெல்டிங்கில் காயம் தாமதமாகத் தெரியும். ஆர்க்கைச் சில நொடி வெறும் கண்ணால் பார்த்தவர் அப்போது ஒன்றும் உணர மாட்டார். ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நடு இரவில், கண்ணில் மணல் உறுத்துவது மாதிரி வலியும் நீரும் வரும். ஹாஸ்டலில் உருளைக்கிழங்கு வில்லையை வைப்பார்கள், தாய்ப்பால் விடச் சொல்லுவார்கள். மெடிக்கலில் மரத்துப்போகும் சொட்டு மருந்து வாங்கித் திரும்பத் திரும்ப விடுபவர்களும் உண்டு. அது கருவிழி ஆறுவதையே கெடுக்கும். கண் மருத்துவரிடம் போக வேண்டும். வெல்டிங் செய்பவருக்கு 10 அல்லது 11 எண் கறுப்புக் கண்ணாடி இருக்கும். பாதிக்கப்படுவது பக்கத்தில் நின்று பார்ப்பவர்தான். அதனால் பூத்துக்குத் திரை வேண்டும். சுவருக்கு வெள்ளை டிஸ்டெம்பர் அடிக்காதீர்கள், அதில் பட்டுத் திரும்பும் கதிரும் கண்ணைத் தாக்கும். வெல்டின் மேல் படியும் ஸ்லாக்கைத் தட்டும்போது ஷீல்டைத் தூக்கிவிடுவார்கள். சூடான ஸ்லாக் தெறிப்பது அப்போதுதான், அந்த நேரத்துக்கு வெள்ளைக் கண்ணாடி வேண்டும்.

பூத்தின் வெக்கையில் கையுறை வேர்வையில் ஊறிவிடும். ஆர்க் இல்லாத நேரத்தில் ஹோல்டரில் 80 வோல்ட் வரை இருக்கலாம். நனைந்த கையால் எலக்ட்ரோடு மாற்றினால் ஷாக் அடிக்கும். எர்த் கிளாம்ப்பை ஜாப்பிலேயே போடுங்கள், கட்டடக் கம்பியில் அல்ல. துத்தநாகம் பூசிய ஜிஐ பைப்பைப் பற்றவைத்தால் துத்தநாகப் புகை வரும். சில மணி நேரம் கழித்துக் குளிர்க்காய்ச்சல் மாதிரி வந்து மறுநாள் சரியாகும். வெறும் காய்ச்சல் என்று விட்டுவிடுவார்கள். பூச்சை முதலில் அரைத்து எடுத்துவிட்டு, எக்ஸாஸ்ட் ஓடும்போதுதான் பற்றவைக்க வேண்டும்.

கேஸ் வெல்டிங் பற்றி ஐந்து விஷயம் சொன்னால் போதும். கறுப்பு ஆக்சிஜன் சிலிண்டரின் வால்வில் எண்ணெய், கிரீஸ் பட்ட கை படக்கூடாது. அழுத்தத்திலுள்ள ஆக்சிஜனில் எண்ணெய் தானாகவே பற்றும். மெரூன் நிற அசிட்டிலின் சிலிண்டர் நின்றபடியே இருக்க வேண்டும், சங்கிலி போட்டு. ரெகுலேட்டரில் அசிட்டிலினை 1 பாருக்கு மேல் ஏற்றக்கூடாது, அதற்கு மேல் நெருப்பில்லாமலே வெடித்துச் சிதையும் குணம் அதற்கு உண்டு. கசிவைச் சோப்பு நுரையால்தான் பார்க்க வேண்டும். தீ பின்னோக்கிப் பாய்வதைத் தடுக்கும் ஃபிளாஷ்பேக் அரெஸ்டர் இரண்டு ஹோஸிலும் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

வார்ப்படம் பெரும்பாலும் செய்து காட்டுவதோடு முடிந்துவிடும். ஆனாலும் உருகிய அலுமினியத்துக்குள் ஈரமான இடுக்கி போனால் நீர் நொடியில் ஆவியாகி, ஏறக்குறைய 1,700 மடங்கு விரிந்து, உலோகத்தை மேலே வீசும். இடுக்கி, கரண்டி, அச்சு எல்லாம் முன்கூட்டியே சூடாக்கி உலர்த்தப்பட வேண்டும். மணலைக் காயக் காயச் சலிக்க வேண்டாம், அந்தச் சிலிக்காத் தூசி நுரையீரலில் தங்கும்.

இவ்வளவும் வகுப்பு நேரத்துக்கு. புராஜெக்ட் சமயத்தில் நிலைமை வேறு. பாஹா, ஃபார்முலா ஸ்டூடன்ட் என்ற மாணவர் போட்டிகளின் வண்டிக்குச் சேஸிஸ் கட்டும் குழுக்கள் இரவு முழுக்க வேலை செய்யும், இன்ஸ்ட்ரக்டர் வீட்டுக்குப் போயிருப்பார், கையில் 100 மி.மீ. டிஸ்க் மாட்டும் ஏஜி4 ஆங்கிள் கிரைண்டர். 11,000 சுற்றில் 100 மி.மீ. டிஸ்க்கின் விளிம்பு நொடிக்கு ஏறக்குறைய 58 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. சீக்கிரம் தேய்கிறது என்று காப்புக் கவசத்தைக் கழற்றிவிட்டு 125 மி.மீ. டிஸ்க்கை மாட்டுவார்கள். அதன் துளை 22.23 மி.மீ., ஏஜி4 டிஸ்க்கின் துளை 16 மி.மீ.; நடுவில் உட்காராமல் அதிர்ந்து உடையும். மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டினால் ஒரே கடியில் கருவி தொடைப் பக்கமோ கழுத்துப் பக்கமோ துள்ளும். கவசம் இல்லாத ஆங்கிள் கிரைண்டர் ஸ்டோரை விட்டு வெளியே போகக்கூடாது.

2011 ஏப்ரலில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், பட்டம் வாங்கச் சில வாரங்களே இருந்த இயற்பியல் மாணவி ஒருவர் இரவில் வேதியியல் கட்டடத்து ஒர்க்ஷாப்பில் தனியாக வேலை செய்யும்போது தலைமுடி லேத்தில் சிக்கி இறந்தார். பக்கத்தில் ஸ்விட்சை அணைக்க ஆள் இல்லை. அதன்பிறகு அந்தப் பல்கலைக்கழகம் இளநிலை மாணவர்களுக்கு ஒர்க்ஷாப் நேரத்தைக் குறைத்து, கண்காணிப்பாளர் இருக்கும்போது மட்டும் என்று ஆக்கியது. பெயர்பெற்ற இடம், புத்திசாலி மாணவி, இரண்டும் அங்கே உதவவில்லை. இரவு வேலையை நிறுத்தவே முடியாது என்றால், குறைந்தது இரண்டு பேர், அதில் ஒருவருக்கு மெயின் எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும். ஆறு மணிக்குப் பிறகு லேத், மில்லிங், ஷேப்பர் மெயின்களைப் பூட்டிவிட்டு, அளவெடுப்பது, அரம் போடுவது, அசெம்பிளி மட்டும் அனுமதிக்கலாம்.

காயம் நடந்துவிட்டால்: கண்ணில் உலோகத்துகள் விழுந்தால் கர்ச்சீஃப் முனையால் எடுக்க நண்பர்கள் முயல்வார்கள், விடாதீர்கள். இரும்புத்துகள் சில மணி நேரத்திலேயே கருவிழியில் துரு வளையம் போட ஆரம்பிக்கும், அன்றே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும். விரல் துண்டானால், துண்டைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் மேல் வையுங்கள். நேராக ஐஸில் போட்டால் திசு செத்துவிடும். கையை இதயத்துக்கு மேலே தூக்கி, துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டே கூட்டிப்போக வேண்டும். விரலை ஒட்டவைக்கும் அறுவை சிகிச்சை எந்த மருத்துவமனையில் உண்டு என்பதை முன்பே விசாரித்து எண்ணோடு எழுதி வையுங்கள். அருகிலுள்ள கிளினிக்குக்குப் போய்விட்டு அங்கிருந்து அலைவதில்தான் நேரம் போகிறது. 108க்கு அழைத்துச் சொல்ல வேண்டிய முகவரி, எந்தக் கேட் வழியாக ஆம்புலன்ஸ் வர வேண்டும், இரவில் அந்தக் கேட்டின் சாவி யாரிடம் என்ற மூன்றும் மெயின் ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.